எள்ளல் மொழியில் ஆண்பாலும் பெண்பாலும்

நகை பிறக்குங் களன்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காக வகுத்துள்ளார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. அந்நான்கனுள் எள்ளல் முதற்கண் வைக்கப்பட்டமை நோக்கற்பாலது. தான் பிறரை எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதலும் என எள்ளல் இருதிறப்படும் என்பது பேராசிரியர் உரைக்கருத்து. எனவே எள்ளுவோர், எள்ளப்படுவோர் என்னும் இருவர் இன்றி எள்ளல் இல்லை. இவ்விருவருள் எள்ளும் உரிமை யாருக்கு மிகுதி, எள்ளப்படும் கடன் யாருக்கு மிகுதி என்னும் வினா இலக்கண நூல்களுள் எழவில்லை. அன்றாட வழக்கை ஆராய்வோர்க்கு அது தானே எழுகின்றது. எள்ளல் ஆண்பாலையும் பெண்பாலையும் ஒரே கோலால் அளக்கின்றதா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இவ்வாராய்ச்சிக்குப் புத்தளம் மாவட்டத்துக் கரையோரம் மிகவும் ஏற்புடையது. கற்பிட்டி தொடங்கிச் சிலாபம் வரையுள்ள கரையில் இந்துக்கள், இசுலாமியர், கத்தோலிக்கர் ஆகிய முத்திறத்தாரும் தமிழ் பேசுகின்றனர். சிங்களமும் அதனோடு அருகருகே வழங்குகின்றது. சிலாபத்துக்கு அணித்தே முன்னேசுவரம் விளங்குகின்றது. அதற்கு வடக்கே கடலோரத்தில் உடப்பு என்னும் தமிழூர் உள்ளது. கரைவலைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில், ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் திரௌபதை அம்மனுக்குப் பதினெட்டு நாள் விழா எடுக்கப்பட்டுத் தீமிதிப்போடு நிறைவெய்துகின்றது. பாரதக் கதை ஏட்டில் மட்டும் கிடவாது மக்கள் நாவிலும் நடமாடும் கரை இது. கதைமாந்தர் பெயர்கள் போற்றுதற்கும் தூற்றுதற்கும் எளிதில் வந்து உதவும் இடமும் இதுவேயாம்.

தமிழில் எள்ளல் வெறும் வசையன்று. வசை பழிப்பை வெளிப்படையாகக் கூறும். எள்ளல் புகழின் ஆடையைப் போர்த்துக்கொண்டு வரும். புகழ்வது போலப் பழித்தலையும் பழிப்பது போலப் புகழ்தலையும் இலேச அணியின்பாற் படுத்துவாரும் உளர் எனத் தண்டியலங்காரம் கூறும். புலவர் அணியாகக் கண்ட இதனைப் பொதுமக்கள் அடுக்களையிலும் கடற்கரையிலும் நாள்தோறும் கையாளுகின்றனர். விடிந்தும் எழாத மகனை நோக்கி, "துரை எழும்பிட்டாரோ?" என்கிறாள் தாய். மரியாதைப் பன்மையே இங்குச் சவுக்காகின்றது. "கூரையேறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானமேறி வைகுண்டம் போனானாம்" என்னும் பழமொழியின் ஈற்றில் நிற்கும் 'ஆம்' என்னும் இடைச்சொல்லோ, பிறர் சொல்லக் கேட்டதாகக் காட்டி, அதனை நம்பவில்லை என்பதையும் உடன் உணர்த்திவிடுகின்றது.

இத்தகைய தொடர்களை ஆராய்தற்கு எளிய உரைகல் ஒன்று உண்டு. தொடரைப் பால் மாற்றிச் சொல்லி நோக்குதலே அது. கோழி பிடிக்க மாட்டாதவனைப் பற்றிய பழமொழி ஆண்பாலில் அமைந்திருப்பினும், ஆற்றலுக்கு மிஞ்சி ஆசைப்படும் எவரையும் அதனாற் குத்தலாம். பெண்ணை நோக்கிக் கூறினும் பொருள் கெடுவதில்லை. அது செயலை எள்ளுகின்றது. "அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?" என்பதையோ பால் மாற்றிச் சொல்லுதல் இயலாது. "வலையிழுக்கும் ஆணுக்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்பாரும் உண்டெனலாம். ஆயின் அக்கேள்வி அவன் தொழிலைப் பற்றியது. அவன் ஆணாய்ப் பிறந்தமையைப் பற்றியதன்று. செயலை எள்ளுவது ஒன்று, பிறப்பை எள்ளுவது மற்றொன்று. இவ்வேறுபாடே இப்பொருளுக்கு உயிர்நிலை.

பால் மயங்கிக் கூறுதலை இலக்கணம் நன்கு அறியும். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களாற் பாலும் திணையும் வழுவி வருதல் இயல்பே எனப் பவணந்தியார் நன்னூலில் அமைதி கூறினார். உவப்பினால் மகனை "என் அம்மை வந்தாள்" எனத் தாய் கொஞ்சுவாள். மகளை "வாடா ராசா" எனத் தந்தை அழைப்பான். அன்பின்கண் பால்மாற்றம் இருபக்கமும் செல்லுகின்றது. எவர்க்கும் அதனால் இழுக்கில்லை. இழிப்பின்கண் நிகழ்வது வேறு. அஞ்சிய ஆணை நோக்கி, "போய்ச் சீலையை உடு", "கையிலே வளையலைப் போடு" என்பர். அவனுக்குப் பெண்ணுடை தண்டனையாகின்றது. அஞ்சிய பெண்ணை நோக்கி, "போய் வேட்டியைக் கட்டு" என எவரும் பழிப்பதில்லை. துணிந்த பெண்ணை "ஆம்பிளை மாதிரி நிண்டு சமாளிச்சாள்" என்றால் அது பெரும்பாலும் புகழ்ச்சி. ஆணைப் பெண் என்றல் இழிவு, பெண்ணை ஆண் என்றல் உயர்வு என்னும் ஏணி இத்தொடர்களுள் மறைந்து நிற்கின்றது. நன்னூலார் அமைத்த விதி பொதுவானது. வழக்கோ அதனை ஒருவழிப் பாதையாக்கிக் கொண்டது.

இனி, புராண இதிகாசப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். பொய்யனை "பெரிய அரிச்சந்திரன்" என்பர். ஈயாதவனை "கர்ண மகாராசா" என்பர். நேர்மை பேசி ஏய்ப்பவனை "தருமர்" என்பர். வலியற்றவனை "வீமன்" என்பர். தூங்குபவன் கும்பகர்ணன், கோள் மூட்டுபவன் நாரதன், சூழ்ச்சி செய்பவன் சகுனி, உடனிருந்து காட்டிக் கொடுப்பவன் விபீடணன். வாய்மை, ஈகை, அறம், வலிமை, உறக்கம், கோள், சூழ்ச்சி, துரோகம் என ஆணின் வாழ்வு எத்தனை துறைகளில் அளக்கப்படுகின்றது! பெண்ணுக்கு வரும் பெயர்களோ சிலவே. "பெரிய சீதை", "கண்ணகி", "பத்தினி", "உத்தமி" என்னும் நான்கும் கற்பு என்னும் ஒன்றையே சுட்டுவன. தாடகை, சூர்ப்பணகை என்பன உருவத்தையும் ஆசையையும் சுட்டுவன. கூனியும் கைகேயியும் மட்டுமே செயல் பற்றி வருவன என்பதை மறுத்தல் கூடாது. எனினும் அவ்விருவர் செயலும் ஒரு குடும்பத்தைக் கெடுத்த செயலேயாம். எள்ளலிற்கூட ஆணுக்கு அறம் பல. பெண்ணுக்கோ உடல் ஒன்றே. ஒரு சமுதாயம் யாரிடத்தில் எதனை எதிர்பார்க்கின்றது என்பதை அதன் புகழ்மொழியினும் அதன் கேலிமொழி நன்கு காட்டிக் கொடுத்துவிடுகின்றது.

அறிவு பற்றிப் பெண்ணுக்கு வழங்கும் பெயர் ஒன்று உண்டு. அது ஔவையார் என்பது. நியாயம் எடுத்துரைக்கும் சிறுமியை நோக்கி, "பெரிய ஔவையார் பேச வந்திட்டா" என்று கூறுவது எங்கும் கேட்கப்படுவதே. கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் வரலாற்றைத் 'தமிழ் புளூராக்' என்னும் பெயரால் 1859ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டபோது, ஔவையாரைப் புலவர் வரிசையில் வைத்துப் போற்றினார். அவர் பிறந்த கரையிலேயே அப்பெயர் ஒரு சிறுமியின் வாயை அடைக்கவும் பயன்படுகின்றது. அரிச்சந்திரன் என்று எள்ளப்படுபவன் பொய் சொன்னமைக்காக எள்ளப்படுகின்றான். ஔவையார் என்று எள்ளப்படுபவளோ பெரும்பாலும் சரியானதைச் சொன்னமைக்காகவே எள்ளப்படுகின்றாள். இவ்வேறுபாடு சிறிதன்று.

தொழிற்பெயர்களிலும் இந்நிலையே காணப்படுகின்றது. உரத்துப் பேசும் பெண்ணை "மீன்காரி மாதிரிக் கத்தாதே" என்பர். கரைவலையில் வந்த மீன் மணலிற் குவிக்கப்பட்டு ஏலங் கூறப்படும்போது, உரத்துக் கூவும் ஆணின் குரல் தொழில்திறம் எனப்படும். அதே மீனைக் கூடையில் எடுத்துச் சென்று தெருத்தெருவாக விற்கும் பெண்ணின் குரல் மட்டும் வசைக்கு உவமையாகின்றது. கடலும் ஒன்று, மீனும் ஒன்று, ஓசையும் ஒன்று. பால் மட்டுமே வேறு. ஆங்கிலத்திலும் மீன் விற்கும் பெண்ணைக் குறித்த சொல் வாய்த்துடுக்குடையவள் என்னும் வசையாய்த் திரிந்தது. எனவே இக்குறை தமிழர்க்கு மட்டும் உரியதன்று.

சொற்கள் காலப்போக்கில் இழிவடைதல் மொழியியலார் நன்கறிந்த செய்தி. ஆண்பாற் சொல் நிலைபெற்று நிற்க, அதற்கு இணையான பெண்பாற் சொல் மட்டும் இழிந்து செல்லும் போக்கினை மியூரியல் சூல்சு என்பார் 1975ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் ஆராய்ந்து காட்டினார். தலைவன் எனப் பொருள்படும் 'மாஸ்டர்' தன் மதிப்புடன் நிற்க, அதன் இணையாகிய 'மிஸ்ட்ரஸ்' ஆசைநாயகியையும் குறிக்கலாயிற்று. தமிழில் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார் என்னும் பெயர் மதிப்புடையதாக வழங்கிற்று. கோயிலுக்குக் கொடை அளித்தோராகவும் அவர்கள் குறிக்கப்படுகின்றனர். அச்சொல்லின் இன்றைய சிதைவு அவையிற் கூறத்தகாத வசையாய்விட்டது. அடியார் என்னும் சொல்லோ அன்றுபோல் இன்றும் கைகூப்பத்தக்கதாகவே விளங்குகின்றது. 

தொல்காப்பியப் புறத்திணையியலிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். மனைவியை இழந்த கணவன் நிலை தபுதாரநிலை எனவும், கணவனை இழந்த மனைவி நிலை தாபதநிலை எனவும் ஆங்கு இணையாகவே வைக்கப்பட்டன. இரண்டும் இரங்கத்தக்க நிலைகள். பேச்சுவழக்கு தபுதாரனை முற்றாக மறந்துவிட்டது. கணவனை இழந்தவளுக்கோ 'அறுதலி' முதலிய பெயர்களை வைத்து, அவற்றைச் சண்டைக்கு உரிய படைக்கலங்களாகவும் தீட்டி வைத்துள்ளது. இலக்கணம் இருவரிடத்தும் கண்ட துயரத்தை, வழக்கு ஒருவரிடத்திற் குற்றமாக்கியது.

பிள்ளை வளர்ப்பிலும் இவ்வழக்குத் தலைகாட்டுகின்றது. மகன் தவறு செய்தால், "தாய் நல்லாத்தான் வளர்த்திருக்கிறா" என்னும் குத்தல் வரும். அவனே தேர்வில் தேறினால், "அப்பன் பேரைக் காப்பாற்றிட்டான்" என்னும் புகழ் வரும். வலைக்குச் சென்ற தந்தை வீட்டிலிருந்த நேரம் எவ்வளவு, கருவாடு உலர்த்திக்கொண்டே பிள்ளையைப் படிக்க வைத்த தாயின் உழைப்பு எவ்வளவு என்பதை இத்தொடர்கள் கணக்கிடுவதில்லை.

பெண்ணின் அறிவைப் பற்றிய பழமொழிகளுள் "பெண்புத்தி பின்புத்தி" என்பது மிகவும் பரவியது. இக்காலத்துப் பட்டிமன்றப் பேச்சாளர் சிலர், பின்விளைவை முன்கூட்டி அறியும் புத்தி என இதற்கு நற்பொருள் காட்டுவர். அவ்விளக்கம் நல்லெண்ணத்தின்பாற் பட்டதே, ஆயினும் ஏற்கத்தக்கதன்று. ஒரு தொடரின் பொருளை வழங்கும் இடமே உறுதிப்படுத்தும். ஒரு பெண் முன்னறிந்து செயற்பட்ட வேளையில் இப்பழமொழியைக் கூறிப் பாராட்டுவார் இலர். அவள் பிழைத்த வேளையிலேயே இது வாயில் வருகின்றது. கசப்பு மருந்துக்குச் சர்க்கரை தூவலாம். கசப்பைச் சர்க்கரை என்று கூறுதல் உண்மையாகாது. பெண்ணின் அறிவு அகப்பைக் காம்பின் நீளமே என்னும் கருத்தமைந்த சிங்களப் பழமொழியும் இக்கரையின் அயலூர்களில் வழங்குகின்றது. உலகின் முதற் பெண் பிரதமராகத் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க 1960ஆம் ஆண்டு பதவியேற்ற நாடு இதுவே. அதன் பின்னரும் இரு மொழிகளிலும் இப்பழமொழிகள் ஓய்வு பெறவில்லை.

இதில் மற்றுமோர் முரண்பாடும் உண்டு. அச்சம், நாணம், மடன் என்பவற்றைப் பெண்ணுக்கு உரியனவாகப் பழைய இலக்கணம் விதித்தது. அம்மடனே நகை பிறக்குங் களன்களுள் ஒன்றாகவும் எண்ணப்பட்டுள்ளது. அறிந்தும் அறியாதாள் போல் இருத்தல் பெண்ணுக்கு அணி என்று கற்பித்துவிட்டு, அவள் அறியாதாள் என்று பின்னர் நகைத்தல் எவ்வாறு நீதியாகும்? அறிந்தவளாய் நடந்தால் ஔவையார், அறியாதவளாய் நடந்தால் பின்புத்தி. இருபுறமும் வாயில் அடைபட்ட வீட்டில் அவள் எங்ஙனம் வெளிவருவாள்?

இவை யாவற்றிலும் ஆழமானது பெண்ணின் சிரிப்பைப் பற்றிய பழமொழி. "பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு" என்பர். இதற்குச் சான்று கேட்டால், திரௌபதி சிரித்தாள், பாரதப்போர் மூண்டது என்பதே விடையாக வரும். மயன் சமைத்த மண்டபத்தில், நீரைத் தரை என்று எண்ணித் துரியோதனன் வீழ்ந்தான், அவள் நகைத்தாள், குலம் அழிந்தது என்பது நாட்டார் கூறும் கதை. வியாச பாரதத்தை நோக்கின், நிகழ்ச்சி கூறப்படும் இடத்தில் நகைத்தவராகக் குறிக்கப்படுவோர் வீமன் முதலாய ஆடவரே. பின்னர்த் துரியோதனன் தன் தந்தையிடம் முறையிடும் இடத்திலேயே திரௌபதியும் பிற மகளிரும் நகைத்தனர் என்னும் செய்தி வருகின்றது. அஃதாவது, அவள் சிரிப்பு அழுக்காறு கொண்டவன் கூற்றில் வருவது. வழக்கு வீமனின் சிரிப்பை மறந்தது. திரௌபதியின் சிரிப்பை மட்டும் பழமொழிக்குச் சான்றாக்கியது. "ஆம்பிளை சிரிச்சாப் போச்சு" எனப் பால் மாற்றிக் கூறிப் பார்த்தால், அதனைக் கேட்போர் நகைப்பரேயன்றி அஞ்சார்.

தொல்காப்பியர் வழி நின்று கூறின், நகை எண்வகை மெய்ப்பாட்டுள் முதலாவது; அஃது ஆண் பெண் இருபாலார்க்கும் பொது. பெண் எள்ளப்படலாம், எள்ளி நகுதல் ஆகாது என்பது பிற்கால வழக்கு இட்ட வேலி. பேராசிரியர் கூறிய இருதிறத்துள் ஒன்று அவளுக்கு மறுக்கப்பட்டது.

திரௌபதி வாழ்வில் சிரிப்பினும் பெரிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சூதிலே தோற்கப்பட்டாள் என அவளை அவைக்கு அழைத்தபோது, முதலில் தம்மைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா என அவள் வினவினாள். தன்னை இழந்தவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை உண்டோ என்பது அவ்வினாவின் உட்கிடை. அறத்தின் போக்கு நுண்ணியது எனக் கூறி வீடுமன் விடையளிக்க மாட்டாது நின்றான். மன்னரும் ஆசாரியரும் நிறைந்த அவையில் விகர்ணன் என்னும் இளையோன் எழுந்து அவள் பக்கம் நியாயம் பேசினான். இந்தியப் பேரிலக்கியங்களுள் ஒரு பெண் எழுப்பிய வினாக்களில் இதற்கு மேலானது காண்டல் அரிது. மக்கள் வழக்கோ, இவ்வினாவைப் பற்றி ஒரு பழமொழியும் ஆக்கவில்லை. அவள் பெயர் மட்டும் எள்ளலுக்கு உதவுகின்றது. கூந்தல் முடியாது நிற்பவளை "பாஞ்சாலி சபதமோ?" என்பர், ஒழுக்கத்தைப் பழிக்க எண்ணினால் "பாஞ்சாலி" என்னும் ஒரு சொல்லே போதும் என்பர். கோயிலில் அம்மன், தெருவில் வசை. ஒரே பெயருக்கு இருவேறு வாழ்வு!

இங்கே இரு மறுப்புகள் எழலாம். இவை விளையாட்டுச் சொற்கள், இவற்றைப் பெரிதுபடுத்தல் ஆகாது என்பது ஒன்று. எள்ளல் சிரிப்போடு வருவதனாலேயே அதன் கூர்மை மிகுகின்றது என்பது இதற்கு விடை. வெளிப்படையாகத் திட்டினால் எதிர்த்துப் பேசலாம். சிரித்துக்கொண்டு கூறியதை எதிர்த்தால், "பகிடி விளங்காதவள்" என்னும் இரண்டாம் எள்ளலுக்கும் ஆளாக வேண்டும். வகுப்பில் வினா எழுப்ப எழுந்த மாணவி ஒருத்தி, "ஔவையார் எழும்பிட்டா" என்னும் குரல் கேட்டு அமர்ந்துவிடின், இழக்கப்பட்டது ஒரு வினா மட்டுமன்று. அவள் இனி எழுப்பக்கூடிய வினாக்கள் அத்தனையும் அன்றே இழக்கப்படுகின்றன.

இத்தொடர்களைப் பெண்களே மிகுதியாக வழங்குகின்றனர் என்பது மற்றது. இஃது உண்மையே. மருமகளை "மகாராணி" என்பவள் மாமி; மகளை அடக்குபவள் தாய். எனினும் மொழி ஒரு பொதுச்சொத்து. அதிற் கிடக்கும் கருவியையே எவரும் எடுத்தாள இயலும். தனக்கு வீசப்பட்ட கல்லையே ஒருத்தி பிறள்மேல் வீசுகின்றாள் என்றால், கல்லைச் செய்தவள் அவளே என்பது பெறப்படாது. பெண்கள் ஆக்கிய நல்ல எள்ளலும் தமிழில் இல்லாமல் இல்லை. "வீட்டிலே புலி, வெளியிலே எலி" என்னும் தொடரில் ஓர் இல்லாளின் நுண்ணோக்கு ஒலிப்பது போல் உள்ளது. அஃது ஆணாய்ப் பிறந்தமையை எள்ளாது, அவன் செயலில் உள்ள பொய்ம்மையையே எள்ளுகின்றது. எள்ளற் கலைக்கு அதுவே நன்மாதிரி.

தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பெர்சிவல் பாதிரியார் 1874ஆம் ஆண்டு வெளியிட்ட பதிப்பில் 6000இற்கு மேற்பட்டவை அடங்கின. இத்துணைப் பெருஞ்செல்வம் உடைய மொழி, பிறப்பைக் குத்தும் சில தொடர்களைக் கைவிடுவதால் வறுமையுறாது. அவற்றை ஏட்டிலிருந்து அழித்தல் வேண்டா. முன்னோர் எவ்வாறு எண்ணினர் என்பதற்கு அவை சான்றாக நிற்கட்டும். நாவில் மட்டும் அவற்றுக்கு இடம் மறுத்தல் வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் ஒரு குத்தல்மொழி வாயில் வரும்போது, இதனைப் பால் மாற்றிச் சொன்னால் நிற்குமா என ஒரு கணம் எண்ணுதல் போதும். நிற்குமாயின் அது செயலை எள்ளுவது. கூறலாம், கேட்டவரும் உடன் நகைத்துத் திருந்தலாம். நில்லாதாயின் அது பிறப்பை எள்ளுவது, அடக்குதலே நன்று.

ஆடி மாதந்தோறும் உடப்பின் கரையிலே அடியவர்கள் திரௌபதையின் பெயரால் தணல்மேல் நடக்கின்றனர். காலைச் சுடும் நெருப்பைப் பொறுக்கும் பத்தி, நாவாற் சுடும் பழக்கத்தையும் ஒறுக்குமாயின் அவ்வழிபாடு முழுமையுறும். அவையிலே திரௌபதி எழுப்பிய வினாவுக்கு அன்று பெரியோர் தலைகுனிந்தனர். இன்று ஒரு சிறுமி எழுந்து வினவும்போது அவள் பெயரைக் கேலியாக்காது விடையளிப்பதே அவ்வன்னைக்குச் செய்யும் தலையாய வழிபாடு என்க.